சுவரை நம்பாத வீடுகள்

பெங்களூரின் விவேக் நகரில் ஒரு வீடு எழும்போது முதலில் வருவது சுவர் அல்ல. இருபதுக்கு முப்பது அடி சைட்டில் ஆறோ எட்டோ பில்லர் எழும்பும். பீம்கள் அவற்றைப் பிணைக்கும். சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, மோல்டு, அதாவது கான்கிரீட் தளம், போடுவார்கள். அதன்மேல் இன்னொரு மாடி, அதற்கும் மேல் ஒன்று. மூன்று தளம் எழுந்த பிறகும் வீட்டுக்குச் சுவர் இருக்காது. இந்தப் பக்கம் நுழைந்த காற்று அந்தப் பக்கம் வெளியேறும். அதற்கப்புறம்தான் லாரியில் சாலிட் பிளாக் வந்து இறங்கும். நாலு இஞ்ச், ஆறு இஞ்ச் கனத்தில் இடைவெளிகளை அடைப்பார்கள். பிற்காலத்தில் அறையைப் பெரிதாக்க அந்தச் சுவர்களில் ஒன்றை எடுத்தாலும், பில்லரையும் பீமையும் தொடாதவரை வீடு நிற்கும்.

சுமப்பது ஒன்று, மறைப்பது வேறொன்று என்ற இந்த ஏற்பாடு சிமென்டும் கம்பியும் வந்த பிறகு பிறந்தது என்று எண்ணத் தோன்றும். உண்மையில் அது மரத்தச்சர்கள் கண்ட வழி. அதற்கு இரண்டு நல்ல சாட்சிகள் இன்றும் நிற்கின்றன. ஒன்று, விவேக் நகரிலிருந்து மேற்கே ஆறேழு கிலோமீட்டர் போனால், கே.ஆர். மார்க்கெட் அருகே இருக்கும் திப்பு சுல்தானின் கோடை அரண்மனை. மற்றொன்று, இங்கிலாந்தில் ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்ட்-அபான்-ஏவன் என்ற ஊரின் கடைத்தெருவில் இருக்கும் ஒரு வீடு. அரண்மனைக்கும் கடைத்தெரு வீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இரண்டையும் தாங்குவது மரச்சட்டகம். ஒன்று தேக்கு, மற்றது ஓக்.

எரிந்த தெருவில் எழுந்த வீடு

1594, 1595 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஸ்ட்ராட்ஃபோர்டில் பெருந்தீ பரவி வீடுகள் பல சாம்பலாயின. அப்படி எரிந்த கடைத்தெருவில் 1596-ல் தாமஸ் ராஜர்ஸ் என்ற இறைச்சி வியாபாரி மூன்று தளத்தில் ஒரு வீடு கட்டினார். முகப்பு மரத்தில் கட்டிய ஆண்டும், வீட்டாரின் பெயர் எழுத்துகளும், தொழிலைச் சொல்லும் மாட்டுத் தலையும் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவர் மகள் கேத்தரினின் பிள்ளைதான் ஜான் ஹார்வர்ட். அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. அதனால் அந்த வீட்டை இன்று ஹார்வர்ட் ஹவுஸ் என்கிறார்கள்.

தீயில் வெந்த தெருவில் மறுபடியும் மரத்தாலேயே கட்டியது ஏன்? அந்த வட்டாரத்தில் ஓக் கிடைத்தது, அதை அறுக்கத் தெரிந்த தச்சர் இருந்தனர், கல்லும் செங்கலும் விலை கூடியவை. தெருவோரத் துண்டு நிலத்தில் வேகமாக எழும்பக்கூடியதும் மர வீடுதான்.

அந்த வீடுகளின் அமைப்பு எளிது. தரையில் கல்லாலோ செங்கல்லாலோ ஒரு குட்டைச் சுவர். அதன்மேல் படுக்கை வசத்தில் ஒரு தடித்த உத்திரம், அதுதான் அடிமரம். அடிமரத்தில் தூண்கள் நிற்கும். தூண்களின் தலையில் மீண்டும் உத்திரம், உத்திரங்களுக்குக் குறுக்கே தளத்தைத் தாங்கும் கட்டைகள், அதன்மேல் பலகை. தூணுக்கும் தூணுக்கும் நடுவில் உள்ள கட்டத்தில் மெல்லிய மரக்குச்சிகளைப் பின்னி, களிமண்ணும் சாணமும் வைக்கோலும் குழைத்து இருபுறமும் அப்பி, மேலே சுண்ணாம்பு அடிப்பார்கள். வரிச்சு கட்டி மண் பூசிய நம் ஊர்ச் சுவர்தான் இதுவும். அந்த மண் உதிர்ந்து விழுந்தாலும் மாடி இறங்காது, மறுபடி அப்பிக்கொள்ளலாம்.

வெள்ளைச் சுவரில் கறுப்புக் கோடு போட்டது போன்ற தோற்றத்தைத்தான் இங்கிலாந்தின் டூடர் அரசர் காலத்து வீடு என்றதும் நாம் நினைக்கிறோம். அந்தக் கறுப்புப் பூச்சு பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டு மோகம். ஆதியில் பல வீடுகளில் ஓக் மரம் பூச்சில்லாமல் வெயில் மழையில் வெளுத்து வெள்ளிச் சாம்பல் நிறத்தில் இருந்தது. ஊட்டியிலும் இலங்கையின் நுவரெலியாவிலும் வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடங்களில் காணும் கறுப்புப் பட்டைகளில் பல, கட்டிய சுவரின்மேல் அழகுக்காக ஒட்டிய பலகைகள். அவை எதையும் தாங்கவில்லை. பெங்களூர் அரண்மனையையும் டூடர் பாணி என்பார்கள். ஆனால் அங்கே பாரம் சுமப்பது சுவர்.

ஆடாமல் நிற்க ஒரு கோணல் கட்டை

நாலு மரத்தைச் சதுரமாக இணைத்தால் அது தானாக விறைத்து நிற்காது. மூட்டு தளர்ந்த பழைய கட்டிலைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். நேராக நின்ற கால்கள் நாலும் ஒரே பக்கமாகச் சாயும். எந்தக் காலும் முறியவில்லை, எந்தச் சட்டமும் நீளவில்லை, ஆனாலும் உருவம் குலைந்துவிட்டது. வீட்டுச் சட்டகத்தைக் காற்று தள்ளும்போது நடப்பதும் இதுதான். மூன்று மரத்தால் ஆன முக்கோணம் அப்படிச் சாயாது. ஒரு பக்கத்தின் நீளம் மாறினால்தான் அதன் வடிவம் மாறும்.

அதனால்தான் இங்கிலாந்துத் தச்சர்கள் தூணும் உத்திரமும் சேரும் மூலைகளில் சாய்வாக ஒரு கட்டையைப் பொருத்தினார்கள். டூடர் வீட்டு முகப்பில் வளைந்தும் சாய்ந்தும் ஓடும் மரங்களில் சில அலங்காரம். பல, வீட்டை ஆடாமல் பிடித்து நிறுத்துபவை.

அடுத்த கேள்வி, மரத்தை மரத்தோடு எப்படிப் பூட்டுவது? இரும்பு ஆணியைத் தச்சர்கள் இங்கே நம்பவில்லை. பச்சை ஓக்கில் உள்ள புளிப்புச் சத்து இரும்பை அரித்துவிடும். ஒரு மரத்தின் முனையைச் சீவி மெலிதாக்கி, மற்ற மரத்தில் அதே அளவில் துளை தோண்டி, இதை அதற்குள் செருகினார்கள். பிறகு இரண்டையும் ஊடுருவிக் குறுக்கே மர ஆணி அடித்தார்கள்.

அந்த ஆணித்துளையில் ஒரு சூட்சுமம் உண்டு. துளையுள்ள மரத்திலும் செருகும் முனையிலும் ஆணிக்கான ஓட்டைகளை நேர்க்கு நேராகப் போடமாட்டார்கள். செருகும் முனையில் இருக்கும் ஓட்டை இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும். கூராகச் சீவிய மர ஆணியைச் சுத்தியலால் இறக்கும்போது அது வளைந்து நெளிந்து உள்ளே போகும். போகிற போக்கில் செருகிய மரத்தை இழுத்துத் துளைக்குள் இறுக்கும். மூட்டு மூடிக்கொள்ளும். இரும்பு ஆணியும் திருகும் கோந்தும் இல்லாமல் நானூறு ஆண்டுகள் பிடித்து நிற்பது இந்த இழுவையால்தான்.

மரங்களை முதலில் தச்சுப் பட்டறையிலேயே தரையில் கிடத்திப் பொருத்திப் பார்ப்பார்கள். எந்தத் துளைக்கு எந்த முனை என்று உளியால் ரோமன் எண்களைக் கீறுவார்கள். நேர்கோடுகளால் ஆன அந்த எண்களை உளியால் வெட்டுவது சுலபம். பிறகு கழற்றி, வண்டியில் ஏற்றி, மனைக்குக் கொண்டுபோய் மறுபடி பூட்டி நிமிர்த்துவார்கள். இன்றைக்கு ஆயத்த வீடு என்று விற்கப்படும் யோசனை 16-ஆம் நூற்றாண்டில் அன்றாட வேலை. பழைய வீடுகளின் மூட்டுகளில் அந்த எண்களை இப்போதும் பார்க்கலாம்.

பச்சை ஓக், காய்ந்த தேக்கு

மரம் என்பது நீளவாக்கில் அடுக்கிய நுண்குழல்களின் கட்டு. அந்தக் குழல்கள் ஓடும் திசையில் அழுத்தினாலும் இழுத்தாலும் மரம் பலமாகத் தாங்கும். குறுக்குவாக்கில் அந்தப் பலம் வெகுவாகக் குறையும். விறகை நெடுக்கில் பிளப்பது எளிது, குறுக்கே வெட்டுவது கடினம் என்பதற்கும் அதுவே காரணம். கன மீட்டருக்குக் காய்ந்த தேக்கின் எடை சுமார் 650 கிலோ. கான்கிரீட் சுமார் 2,400 கிலோ. எடையில் நாலில் ஒரு பங்கே இருந்துகொண்டு, நீளவாக்கில் சாதாரணக் கான்கிரீட்டைவிட அதிக அழுத்தத்தைத் தேக்கு தாங்கும்.

ஈரம் வற்றும்போது மரம் சுருங்கும். அதுவும் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்காது. நீளத்தில் சுருக்கம் கண்ணுக்குத் தெரியாத அளவு. ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் மிக அதிகம். ஓக்கில் அது நூற்றுக்கு எட்டு அளவுக்குக்கூடப் போகும். இப்படிப் பக்கத்துக்குப் பக்கம் மாறும் சுருக்கம்தான் மரத்தை முறுக்குகிறது, வெடிக்க வைக்கிறது.

இந்தச் சிக்கலுக்கு இரண்டு நாட்டுத் தச்சர்களும் நேர்மாறான வழிகளைப் பிடித்தார்கள். காய்ந்த ஓக் உளிக்கு மசியாது. ஆகவே இங்கிலாந்தில் அதை வெட்டிய ஈரத்தோடே இழைத்துச் சட்டகம் ஆக்கினார்கள். அது வீடாக நின்றபடியே பல ஆண்டுகள் காய்ந்தது. தூண்கள் முறுக்கிக்கொண்டன, தளங்கள் சரிந்தன, மூட்டுகள் இன்னும் இறுகின. கோணல்மாணலாகத் தெரியும் பழைய ஆங்கில வீடுகள் கட்டும்போது கோணலாக இருந்தவை அல்ல, காயும்போது கோணியவை.

தேக்கின் கதை வேறு. அதன் சுருக்கம் ஓக்கைவிடக் குறைவு. பர்மாக் காடுகளில் தேக்கை வெட்டுவதற்குச் சுமார் இரண்டு ஆண்டு முன்பே மரத்தின் அடியைச் சுற்றிப் பட்டையையும் வெளிமரத்தையும் வளையமாக வெட்டிவிடுவார்கள். நீர் ஏறாமல் மரம் நின்றபடியே காயும். வெட்டிய பின் ஆற்றில் மிதக்கும் அளவுக்கு எடை குறைந்திருக்கும். செட்டிநாட்டு வீடுகளின் வளவில் நிற்கும் பர்மாத் தேக்குத் தூண்கள் இன்றும் வெடிப்பில்லாமல் இருப்பதில் இந்தப் பொறுமைக்குப் பங்கு உண்டு. தேக்கின் வயிரத்தில் உள்ள எண்ணெய்ச் சத்தும், டெக்டோகுவினோன் என்ற வேதிப்பொருளும் கரையானை அண்டவிடாமல் தடுக்கின்றன. வெளிமரத்துக்கு அந்தக் காப்பு கிடையாது. மரக்கடையில் வயிரம் எவ்வளவு என்று பார்த்து வாங்குகிறவர் விவரம் தெரிந்தவர்.

கோட்டைக்குள் ஒரு தேக்குத் தோப்பு

பெங்களூர்க் கோட்டைக்குள் திப்புவின் கோடை அரண்மனையைத் தொடங்கியவர் அவர் தந்தை ஹைதர் அலி. 1791-ல் திப்பு முடித்தார். அதே ஆண்டு மார்ச் மாதம் ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸின் படை கோட்டையைப் பிடித்தது. 1799-ல் திப்பு வீழ்ந்த பிறகு இது ஆங்கிலேயர் கைக்குப் போய், 1868-ல் அட்டாரா கச்சேரி என்ற புதுக் கட்டடம் தயாராகும்வரை அரசாங்கச் செயலகமாகவும் இருந்தது. இப்போது இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது.

முகப்பில் நின்று அண்ணாந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது தூண்களின் உயரம். இரண்டு தளத்தின் உயரத்துக்கும் ஒரே மரமாக எழும்புகின்றன. உடலெங்கும் நீளவாக்கில் வரிகள் செதுக்கியிருக்கிறார்கள். ஒல்லியான தூணுக்கு ஆபத்து நசுங்குவதில் இல்லை, நடுவில் வளைந்து ஒடிவதில்தான். அதே பருமனில் தூணின் உயரத்தை இரட்டிப்பாக்கினால், வளையாமல் அது தாங்கக்கூடிய சுமை நாலில் ஒரு பங்காக இறங்கிவிடும். அந்த ஒல்லி மரங்களுக்கு இது கட்டுப்படியாகிறது என்றால், முகப்பு வரிசைக்கு மேலே மாடித் தளத்தின் பாரம் இல்லாமல் கூரை மட்டுமே இருப்பதுதான் காரணம்.

தூணுக்கும் தூணுக்கும் இடையே இதழிதழாக வளைந்து தெரியும் தோரணங்களைப் பார்த்து ‘ஆர்ச்’ என்று சொல்லிவிடுவோம். கல்லில் கட்டிய உண்மையான வளைவு தன் இரு கால்களையும் வெளிப்பக்கமாகத் தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்கப் பருத்த சுவர் வேண்டும். இந்த மெலிந்த தூண்கள் அதைத் தாங்கமாட்டா. இங்கே சுமை தூண் தலையில் கிடக்கும் உத்திரம் வழியாகத்தான் இறங்குகிறது. தோரணம் அதன் அடியில் பொருத்திய வேலைப்பாடு. மூலையை நிரப்பி நிற்பதால் ஸ்ட்ராட்ஃபோர்டின் சாய்வுக் கட்டை செய்கிற வேலையில் கொஞ்சம் இதுவும் செய்கிறது. பக்கவாட்டு ஆட்டத்தைப் பெருமளவு அடக்குவது, சட்டகத்தை ஒட்டிய அறைகளின் கனத்த சுவர்கள்.

இனி குனிந்து தூணின் காலைப் பாருங்கள். எந்தத் தூணும் மண்ணில் நடப்படவில்லை. மேடை மேடையாக எழுப்பிய கல் தளத்தில், ஒவ்வொன்றும் ஒரு கல் பீடத்தில் அமர்ந்திருக்கிறது. தூணின் அடிமுனையில்தான் மரத்தின் நுண்குழல்கள் எல்லாம் வாய்திறந்து இருக்கின்றன. ஈரத்தைத் தொட்டால் அவை உறிஞ்சி மேலேற்றும். மரத்தின் ஈரம் நூற்றுக்கு இருபதைத் தாண்டினால் பூஞ்சை பிடித்து மக்கத் தொடங்கும். கல் பீடம் மண்ணின் ஈரத்தை மேலேறவிடாமல் மறிக்கிறது. கரையானும் மண் குழாய் கட்டித்தான் மேலேற வேண்டும். கல்லின்மேல் அந்தக் குழாய் பளிச்சென்று தெரிந்துவிடும், அன்றைக்கே துடைத்துவிடலாம். ஹார்வர்ட் ஹவுஸ் போன்ற வீடுகளில் அடிமரத்தின் கீழே உள்ள குட்டைச் சுவரும், செட்டிநாட்டுத் தூணின் கீழே உள்ள கல்லும் செய்வது இதே காவல். கால் காய்ந்திருந்தால் மர வீடு தலைமுறைகளைத் தாண்டும்.

மரம் ஏன் விடைபெற்றது?

முதல் எதிரி தீ என்று எல்லோரும் சொல்வார்கள். 1666 செப்டம்பரில் லண்டன் எரிந்தபோது சுமார் 13,200 வீடுகள் போயின. அடுத்த ஆண்டே வந்த சட்டம் நகருக்குள் வெளிச்சுவர்கள் செங்கல்லாலோ கல்லாலோ இருக்க வேண்டும் என்றது. ஹோல்போர்னில் 1585-ல் கட்டிய ஸ்டேபிள் இன் போன்ற சில மரக் கட்டடங்களே அந்தத் தீக்குத் தப்பின.

இதில் அறிவியல் சொல்லும் சேதி கொஞ்சம் வேறு. தீயைப் பரப்பியது கூரையும் பலகையும் சாமான்களும் நெருக்கமும். தடித்த உத்திரம் அவ்வளவு சுலபத்தில் விழாது. அதன் வெளிப்புறம் கரியாகும். அந்தக் கரி உள்ளே வெப்பம் போகாமல் தடுக்கும். கடின மரம் கருகி உள்ளே போகும் வேகம் நிமிடத்துக்கு அரை மில்லிமீட்டர் அளவே. அரை மணி நேரம் எரிந்தும் ஒரு பக்கத்தில் ஒன்றரை சென்டிமீட்டர்தான் போயிருக்கும், மிச்சம் சுமந்துகொண்டிருக்கும். காப்பில்லாத எஃகு உத்திரமோ 550, 600 டிகிரி செல்சியஸ் சூட்டில் தன் பலத்தில் ஏறக்குறைய பாதியை இழந்து தொய்ந்துவிடும்.

மரத்தை விரட்டியதில் தட்டுப்பாட்டுக்கும் பெரிய பங்கு உண்டு. இங்கிலாந்தின் ஓக்கைப் போர்க்கப்பல்கள் தின்றன. ஓக் குறைந்ததும் மலபார்த் தேக்கின்மேல் கண் விழுந்தது. காடு வற்றுவதைக் கண்டு 1840-களில் நிலம்பூரில் மலபார் கலெக்டர் கானலி தேக்குத் தோட்டம் போடவேண்டி வந்தது.

பெங்களூர் கண்டோன்மென்ட் வீடுகளில் மரம் சுவரை விட்டுக் கூரைக்கு ஏறியது. கனத்த செங்கல் சுவர், அதன்மேல் தேக்குக் கட்டைகள், அவற்றின்மேல் செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி இடித்து, தட்டு ஓடு பதித்தால் மெட்ராஸ் டெரஸ். ஓட்டு வீடென்றால் கைமரம், ரீப்பர், மங்களூர் ஓடு. முகப்பில் கூராக நீட்டிய மரச் சட்டங்களுக்குப் பெங்களூர்க்காரர்கள் ‘மங்கி டாப்’ என்று பெயர் வைத்தார்கள். கம்பியும் சிமென்டும் கைக்கு எட்டியதும் இவையும் வழக்கொழிந்தன.

நிலநடுக்கப் பகுதிகளில் மட்டும் மரச்சட்டகத்துக்கு மதிப்பு குறையவில்லை. 1897-ல் அசாமை உலுக்கிய பெரும் நிலநடுக்கத்துக்குப் பிறகு, மரச்சட்டத்தின் நடுவே நாணலைப் பரப்பி மண் பூசும் வீடுகள் அங்கே ஊரெங்கும் பரவின. காஷ்மீரில் மரச்சட்டத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துக் கல்லும் மண்ணும் அடைக்கும் ‘தஜ்ஜி தீவாரி’ வீடுகள், 2005 நிலநடுக்கத்தில் வெறும் கல் சுவர் வீடுகளைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தன. நடுங்கும்போது மூட்டுகள் உரசி, அடைத்த மண் உதிர்ந்து, அதிர்வின் ஆற்றலைக் கரைத்துவிடுகின்றன. சட்டகம் நிற்கிறது, ஆட்கள் பிழைக்கிறார்கள்.

தெருவை நோக்கி நீளும் மாடி

டூடர் நகரத் தெருக்களின் தனி அடையாளம், கீழ்த்தளத்தைவிட மேல்தளம் தெருப்பக்கம் நீண்டிருப்பது. யார்க் நகரின் ஷாம்பிள்ஸ் சந்தில் எதிரெதிர் வீட்டு மாடிகள் தொட்டுக்கொள்வதுபோல் நெருங்கி நிற்கின்றன. மனை குறுகல், தெருவுக்கு மேலே உள்ள வெளி இலவசம். கூடவே, நீண்ட மாடி கீழ்ச்சுவரை மழையிலிருந்து காக்கும். தூணும் ஒரு தள உயரத்துக்குப் போதும் என்பதால் நெடுமரம் தேட வேண்டாம். இரண்டு தெரு சந்திக்கும் மூலை வீட்டில் இரு பக்கமும் மாடியை நீட்ட, மூலைவாட்டில் ஒரு தடித்த உத்திரம் போட்டு, இருபுறக் கட்டைகளையும் அதில் கோத்தார்கள்.

பொறியியல் கணக்கிலும் இதில் ஒரு லாபம் உண்டு. இரு முனையும் தாங்கலில் இருக்கும் கட்டை, நடுவில் தொய்யும். அதன் ஒரு முனையைத் தாங்கலைத் தாண்டி வெளியே நீட்டி, அந்த நுனியில் மேல்மாடிச் சுவரை ஏற்றினால், நுனி கீழே அழுந்தும். உள்ளே நடுப்பகுதி சற்று மேலே எழும்பும். வெளிச்சுவரின் பாரமே உள்தளத்தின் தொய்வைக் குறைக்கிறது. அக்காலத் தச்சர்கள் தளக் கட்டைகளைப் பட்டையாகக் கிடத்தும் வழக்கம் உள்ளவர்கள். ஆறுக்கு நாலு அங்குலக் கட்டையைக் கிடத்தாமல் நிறுத்தி வைத்தால் அதன் விறைப்பு இரண்டேகால் மடங்கு கூடும். கிடத்தி வைத்துத் தொய்ந்த தளத்துக்கு இந்த நுனிப்பாரம் கைகொடுத்தது.

எல்லைக்குள் இருக்கும்வரைதான் பாரம் உதவி. செஷயரில் உள்ள லிட்டில் மோர்ட்டன் ஹால் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மரவீடு. பின்னாளில் எழுந்த அதன் தெற்குப் பகுதியின் தலையில், அந்தப் பகுதியின் நீளத்துக்கும் ஓடும் ஒரு நெடுங்கூடத்தைச் சேர்த்து, மேலே கனத்த கல் பலகைகளால் கூரை வேய்ந்தார்கள். கீழ்ச்சட்டகம் அந்தப் பாரத்துக்காகத் திட்டமிட்டது அல்ல. தளங்கள் நெளிந்து, சுவர்கள் புடைத்து நிற்பதை இன்று போகிறவர்கள் ரசித்துப் படம் எடுக்கிறார்கள். இரண்டு மாடிக்குப் போட்ட அஸ்திவாரத்தில் மூன்றாவது, நாலாவது மாடி ஏற்றுகிறவர்கள் அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும்.

விவேக் நகரிலும், பக்கத்தில் ஈஜிபுரா, நீலசந்திரா சந்துகளிலும் மாடிகள் தெருப்பக்கம் நீண்டிருப்பது டூடர் நகரத்தின் அதே காரணத்துக்காக: மனை சிறிது, தேவை பெரிது. ஆனால் மரத்தின் பாடத்தைக் கான்கிரீட்டுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மரக்கட்டை இழுப்பையும் தாங்கும், அழுத்தத்தையும் தாங்கும். எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று தச்சர் கவலைப்பட வேண்டியதில்லை. கான்கிரீட் அழுத்தத்தை மட்டுமே நன்றாகத் தாங்கும். இழுப்பைத் தாங்கும் சக்தி அதில் பத்தில் ஒரு பங்கு அளவே. இழுபடும் இடத்தில் கம்பி இருந்தால்தான் பிழைப்பு.

நாலு பக்கமும் தாங்கல் உள்ள அறையின் தளத்தில் நடுப்பகுதி கீழே தொய்வதால் அடிப்பக்கம் இழுபடும். கம்பி அடியில் வேண்டும். வெளியே நீட்டிய தளத்திலோ நுனி கீழே சாயப் பார்ப்பதால் மேல்பக்கம் இழுபடும்; முக்கியக் கம்பி மேலே வேண்டும். அந்தக் கம்பி உள்தளத்துக்குள்ளும் போக வேண்டும். வெளியே நீளும் அளவைப்போல் ஒன்றரை மடங்கு உள்ளே போவது நடைமுறை. இரண்டடிக்குப் பதில் மூன்றடி நீட்டினால், தளத்தின் சொந்த எடையால் மட்டும் நீட்டல் தொடங்கும் இடத்தில் விழும் வளைப்பு இரண்டேகால் மடங்காகும். நுனியில் நாலு இஞ்ச் பிளாக் சுவர் பத்தடி உயரம் ஏற்றினால் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஏறக்குறைய 600 கிலோ கூடும்.

கோளாறு பெரும்பாலும் கணக்கில் நேர்வதில்லை. மோல்டு போடும் நாளன்று நேர்கிறது. சட்டி சுமந்து நடப்பவர்களின் கால் பட்டு மேல் கம்பி கீழே அமுங்கும். ஐந்து இஞ்ச் தளத்தில் அடியிலிருந்து நாலு இஞ்ச் உயரத்தில் இருக்க வேண்டிய கம்பி இரண்டு இஞ்ச்சுக்கு இறங்கினால், நீட்டிய மாடியின் பலம் பாதியாகிவிடும். வெளியில் பார்க்கிறவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

ஆகவே வீடு கட்டுகிறவர்களுக்கும் இடிக்கிறவர்களுக்கும் ஒவ்வொரு வேண்டுகோள். பழைய ஓட்டு வீட்டை இடிக்கப் போகிறவர் அதன் கைமரத்தையும் உத்திரத்தையும் விறகு விலைக்குத் தள்ளிவிட வேண்டாம். கால் நனையாமல் கிடந்த தேக்கு, நிலையாகவோ கதவாகவோ இன்னொரு தலைமுறை உழைக்கும். புது வீட்டில் மாடியை நீட்டப் போகிறவர், முதலில் ஒரு பொறியாளரிடம் கணக்குப் போட்டு வாங்குங்கள். மோல்டு அன்றைக்குக் காலையில் மேஸ்திரியோடு சென்ட்ரிங் மேலே ஏறி, மேல் கம்பிக்கு முட்டுக் கம்பி வைத்துத் தூக்கிக் கட்டியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். கான்கிரீட் விழுந்த பிறகு அதைப் பார்க்கவும் முடியாது, திருத்தவும் முடியாது.